ஸ்டான்லி என்னும் பெயரும் நம்மவர் மயக்கமும்

நம்முடைய மீலாது மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் ஒரு பட்டியல் தவறாமல் இடம்பெற்று வருகிறது. இஸ்லாத்தைத் தழுவிய மேனாட்டாரின் பட்டியல் அது. அதில் சுரங்கத் தொழிலாளியின் பெயர் இராது. கப்பலில் கரி அள்ளியவன் பெயர் இராது. பிரபு, சீமாட்டி, தூதுவர், தளபதி என்னும் பட்டங்களே வரிசை வரிசையாக நிற்கும். "இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையிலேயே ஒரு முஸ்லிம் வீற்றிருந்தார், அறிவீர்களா?" என்று பேச்சாளர் குரலை உயர்த்துவார். கூட்டத்தில் தக்பீர் முழங்கும். அப்பிரபு யார், என்ன செய்தார், எதை எழுதினார் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. பட்டத்தைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும்.

இப்பழக்கத்தை நாம் வன்மையாக மறுக்கிறோம். ஒரு கொள்கைக்குக் கோமான் ஒருவன் நற்சான்று வழங்கினால்தான் அது மதிப்புப் பெறும் என்று எண்ணுவது அக்கொள்கையை இழிவுபடுத்துவதாகும். அதனினும் கொடிது, அந்தக் கோமானின் உண்மையான தொண்டு அவருடைய பட்டத்தின் நிழலில் மறைந்து போவது. மேடைகளில் முழங்கப்படும் அப்பிரபுவின் குலப்பெயர் ஸ்டான்லி. அந்த ஒரே பெயரைத் தாங்கியோர் அறுநூறு ஆண்டுகளாக என்னென்ன செய்தனர் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் குலப்பெயருக்கு என்ன விலை தரலாம் என்பது தானே விளங்கும்.

'ஸ்டான்லி' என்பது முதலில் ஓர் இடத்தின் பெயர். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் 'கல் நிறைந்த வெளி' என்று பொருள். அவ்வூரைப் பெற்ற ஆட்லி குடியினர் ஊர்ப்பெயரைத் தம் பெயராக்கிக் கொண்டனர். சர் ஜான் ஸ்டான்லி என்பவருக்கு நான்காம் ஹென்றி மன்னன் 1405இல் மான் தீவை வழங்கினான். மறு ஆண்டு அது பரம்பரை உரிமையாயிற்று. 1736 வரை அத்தீவு இக்குடும்பத்தின் கையில் இருந்தது. கல்வெளி ஒன்றின் பெயர் இவ்வாறு சிற்றரசுப் பெயராக உயர்ந்தது.

அது கோமகன் பட்டமாக மலர்ந்த வரலாறு இன்னும் சுவையானது. 1485ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டு மன்னனும் ஹென்றி டியூடரும் மோதினர். தாமஸ் ஸ்டான்லி பிரபு மன்னனின் குடிமகன். ஆனால் ஹென்றியின் தாயை மணந்தவர். அவருடைய மகன் மன்னனிடம் பிணையாக இருந்தான். ஸ்டான்லி பிரபு தம் படையுடன் களத்தின் ஓரத்தில் நின்றார், எப்பக்கமும் சேரவில்லை. அவருடைய தம்பி வில்லியம் ஸ்டான்லிதான் இறுதி வேளையில் ஹென்றியின் பக்கம் பாய்ந்து போரின் முடிவை மாற்றினார். மன்னன் மாண்டான். காத்திருந்த அண்ணனுக்கு அதே ஆண்டில் டெர்பிக் கோமகன் பட்டம் கிடைத்தது. உயிரைப் பணயம் வைத்துப் பாய்ந்த தம்பியோ, மணிமுடிக்கு உரிமை கோரிய வேறொருவனுக்குத் துணைபோனதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1495இல் அதே ஹென்றியின் ஆணையால் தலை துணிக்கப்பட்டார். கோமகன் பட்டத்திற்கு அடிக்கல் வீரமா, பொறுமையா, சூழ்ச்சியா என்பதை வாசகரே முடிவு செய்து கொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். எட்வர்டு ஸ்டான்லி, பின்னாளில் டெர்பியின் 14ஆம் கோமகன், மும்முறை இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக இருந்தவர். நாவன்மை மிக்கவர், ஹோமரின் இலியட் காவியத்தை ஆங்கிலத்தில் ஆக்கி 1864இல் வெளியிட்டவர். குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்து 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றியவரும் இவரே. இதனை மாபெரும் அறச்செயல் என்று வரலாற்று ஏடுகள் புகழ்கின்றன. அறச்செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கணக்கையும் பார்க்க வேண்டாமா? 2 கோடி பவுன் நஷ்டஈடு வழங்கப்பட்டது. யாருக்கு? சாட்டையடி பட்டவர்க்கு அன்று; சாட்டை பிடித்தவர்க்கு! விடுதலை பெற்றோர் 'பயிற்சியாளர்' என்னும் புதுப்பெயருடன் 1838 வரை பழைய எசமானர்க்கே ஊதியமின்றி உழைத்தனர். அந்த நஷ்டஈட்டுக்காக அரசு வாங்கிய கடனின் எச்சம் 2015ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது. அடிமைகளின் வழித்தோன்றல்களும் தம் வரிப்பணத்தால் அக்கடனை அடைத்தார்கள் என்றால், இதனை என்னவென்று சொல்வது?

நம்மைத் தொடும் செய்தியும் அச்சட்டத்தில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் செயின்ட் ஹெலினாத் தீவும் அதிலிருந்து விலக்கப்பட்டன. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை குற்றமாயிற்று. இந்தியாவில் சட்டம் அதனைக் கண்டுகொள்ள 1843 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் 1834 முதலே மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் தமிழர்களும் இருந்தனர். விடுபட்டவன் விட்டுச் சென்ற மண்வெட்டியை இவர்கள் கையில் கொடுத்தார்கள்.

இந்த எட்வர்டு ஸ்டான்லியின் பெயர் தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்துத் தீவுகளின் தலைநகருக்கு உண்டு. ஹாங்காங்கில் ஒரு கடற்கரைக்கு உண்டு. தாஸ்மேனியாவில் ஓர் ஊருக்கு உண்டு. உலகப் படத்தில் ஊசி குத்துவது போல அமைச்சரின் பெயரைக் குத்தினார்கள். ஊர்களுக்கு அது தலையெழுத்தாயிற்று.

அவருடைய மூத்த மகனும் எட்வர்டு ஸ்டான்லியே. 1858இல் தந்தை தலைமை அமைச்சர். மகன் இந்திய விவகாரங்களின் அமைச்சர். கம்பெனி ஆட்சியை நீக்கி இந்தியாவை முடியின் கீழ்க் கொணர்ந்த சட்டம் நிறைவேறியபோது, இந்தியாவுக்கான முதல் அரசுச் செயலராகப் பதவியேற்றவர் இம்மகனே. அதே ஆண்டு அக்டோபரில்தான் முதியவர் பகதூர்ஷா ஜஃபர் தில்லியிலிருந்து இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். ஒரு குடும்பத்தின் தந்தையும் மகனும் ஒரு துணைக்கண்டத்தின் விதியைத் தீர்மானிக்கும் இருக்கைகளில் அமர்ந்திருந்த காட்சியைக் காண்க! இருபது ஆண்டுகள் கழித்து, ரஷ்ய-துருக்கிய நெருக்கடியில் அமைச்சரவையின் போக்கு போருக்கு இழுக்கும் என்று கருதி வெளியுறவு அமைச்சர் பதவியை இதே மகன் துறந்தார். கொள்கைக்காகப் பதவி துறந்தது பாராட்டத்தக்கதே. ஆயின் அண்ணன் வெளியேறிய அமைச்சரவையில் சில நாள்களுக்குள் தம்பி பிரெடரிக் ஸ்டான்லி போர் அமைச்சராக நுழைந்தார். குலம் எப்போதும் இரு கதவுகளிலும் ஆள் வைத்திருக்கும் போலும்! இந்தத் தம்பி பின்னர்க் கனடாவின் ஆளுநர் நாயகமாகி 1892இல் வழங்கிய கிண்ணத்துக்காகத்தான் பனித்தரை ஹாக்கி அணிகள் இன்றும் போராடுகின்றன.

தம்பியின் மகன் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி. 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் இவர். இவ்விடத்தில் குடும்பத்தின் கதை நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. 1930இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் சிறையேகியதும், 1932இல் திருப்பூர்க் குமரன் காவலர் தடியடிக்கு உயிரீந்ததும் இவருடைய ஆட்சிக் காலத்திலேயே. இவர் பெயரைத்தான் மேட்டூர் நீர்த்தேக்கம் சுமந்து நிற்கிறது.

மேட்டூர் அணையைக் கட்டியது யார்? மைசூருடன் 1924இல் உடன்படிக்கை கண்ட பின் 1925இல் பணி தொடங்கிற்று. எல்லிஸ் என்னும் பொறியாளரின் திட்டம். ஆயிரமாயிரம் கூலியாட்களின் வியர்வை. தங்கள் ஊரையும் கோயிலையும் தேவாலயத்தையும் நீருக்கு ஒப்படைத்துவிட்டுப் போன மக்களின் தியாகம். நீர்மட்டம் தாழும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் கோபுர உச்சியும் தலைகாட்டும்போது அம்மக்களின் நினைவு நமக்கு வர வேண்டும். 1934 ஆகஸ்டு 21ஆம் நாள் அணை திறக்கப்பட்டபோது ஆளுநர் நாற்காலியில் யார் இருந்தாரோ, அவர் பெயர் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 120 அடி ஆழமும் 93 டி.எம்.சி.க்கு மேற்பட்ட கொள்ளளவும் உடைய அந்நீரால் தஞ்சைத் தரணி விளைகிறது. உழவன் அதனை 'மேட்டூர்த் தண்ணி' என்றுதான் அழைக்கிறான். 'ஸ்டான்லித் தண்ணி' என்று ஒருவனும் சொல்லக் கேட்டதில்லை.

சென்னையிலும் அவ்வாறே. இராயபுரத்தை அடுத்த மருத்துவக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் அரசு ஏடுகளில் ஸ்டான்லி என்று பெயர். ஆனால் அவ்விடத்தின் வரலாறு 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் தொடங்குகிறது. வடசென்னை முதியோர் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்கினர். ஆட்சியாளர் ஆளுநரின் குலத்தை எழுதினர். மக்கள் பசித்தோர்க்கு ஊற்றிய கஞ்சியை எழுதினர். எது நன்றியறிதல் என்பதை மக்கள் நாக்கு அறியும்.

இதுகாறும் கூறியவை குலத்தில் பிறந்தவர்களின் கதை. இனி, அப்பெயரைக் கடன் வாங்கியவரின் கதை. 1841இல் வேல்சு நாட்டு டென்பியில் பிறந்த ஜான் ரோலண்ட்ஸ், தந்தை பெயர் அற்ற பிள்ளையென்று பதிவேட்டில் குறிக்கப்பட்டவர். ஏழைகள் விடுதியில் வளர்ந்தார். 1859இல் நியூ ஆர்லியன்சுக்குக் கப்பலேறி, அங்கிருந்த ஸ்டான்லி என்னும் வணிகரின் பெயரைத் தமதாக்கிக் கொண்டார். ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி என்று உலகம் அறிந்த ஆப்பிரிக்கப் பயணி இவரே. 1871இல் தங்கனீக்கா ஏரிக்கரையில் லிவிங்ஸ்டனைக் கண்டவர். தந்தையற்ற பிள்ளைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டதை நாம் பழிக்கவில்லை. பிறப்புக்கு அவர் பொறுப்பல்லர். அப்பெயரைக் கொண்டு அவர் செய்தது எது என்பதே கேள்வி. 1879 முதல் பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் ஊழியராகக் காங்கோவில் சாலை வகுத்து, நிலையங்கள் அமைத்து, தலைவர்களிடம் ஒப்பந்தங்கள் பெற்றுக் கொடுத்தார். 1885இல் அந்நாடு அம்மன்னனின் தனிச் சொத்தாயிற்று. இரப்பர்ப் பால் குறைந்தால் கை வெட்டப்பட்ட மக்களின் ஓலம் 1908 வரை அங்கே ஒலித்தது.

உண்மை பேசுவோர் பாதியோடு நிறுத்தலாகாது. இந்த ஸ்டான்லிக்கு 1876இல் காட்டுவழி காட்டித் துணைவந்தவர் ஹமீது பின் முஹம்மது. திப்பு திப் என்று பெயர் பெற்ற சான்சிபார் வணிகர். தந்தமும் அடிமையும் விற்றவர். 1887இல் ஸ்டான்லி நீர்வீழ்ச்சிப் பகுதிக்கு ஆளுநராகவும் அமர்த்தப்பட்டார். முஹம்மது என்னும் பெயரைத் தாங்கியதால் அவர் செய்த வாணிகம் ஹலாலாகிவிடுமா? குலப்பெயர் போலவே மார்க்கப் பெயரும் செயலுக்குப் போர்வையாகாது. 1966இல் காங்கோ மக்கள் ஸ்டான்லிவில் நகரைக் கிசங்கானி என்று மாற்றினர். வேல்சிலோ 2011இல் அவருக்குப் புதிய சிலை எடுத்தார்கள். 2021இல் அதனை அகற்றலாமா என்று வாக்கெடுத்து, இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரே பெயர், அனுபவித்தவனுக்கு ஒரு தீர்ப்பு, பெருமை கொள்பவனுக்கு வேறு தீர்ப்பு!

இப்போது நம் மேடைகள் முழங்கும் மனிதரிடம் வருவோம். அவரும் ஹென்றி ஸ்டான்லிதான். 1827இல் பிறந்தவர், டெர்பிக் குடும்பத்தின் கிளையான ஆல்டர்லி ஸ்டான்லிகளின் மூத்த மகன். வெளியுறவுத் துறையில் பணியாற்றிக் கான்ஸ்டாண்டிநோபிள் தூதரகத்தில் இருந்தவர். கீழை மொழிகளைக் கற்றவர். 1859ஆம் ஆண்டளவில் இஸ்லாத்தைத் தழுவினார். அப்துர் ரஹ்மான் என்னும் பெயர் பூண்டார் என்பர். 1869இல் தந்தை மறைந்ததும் ஆல்டர்லியின் மூன்றாம் ஸ்டான்லி பிரபுவாகச் சபையில் அமர்ந்தார். பிரபுக்கள் சபையின் முதல் முஸ்லிம் உறுப்பினர் இவரே.

அந்த இருக்கை எப்படி வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். தந்தை இறந்தார், மகன் அமர்ந்தார். இஸ்லாம் அவருக்கு அதனைத் தரவுமில்லை. அவர் அதனை இஸ்லாத்துக்குத் தரவுமில்லை. தக்பீர் முழங்குவதற்கு அதில் என்ன இருக்கிறது? முழங்கத்தக்கவை வேறு உள. அவற்றை நாம் சொல்லுகிறோம்.

போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா நம் கடற்கரைகளைப் பற்றி எழுதிய குறிப்புகளை 1866இல் ஆங்கிலத்தில் தந்தவர் இந்த ஸ்டான்லி. அந்நூலில் மலபார் உண்டு, சோழமண்டலக் கரை உண்டு, காயல் உண்டு, அங்கே முத்துக் குளித்தலும், அதன் வரியைக் குத்தகை எடுத்த செல்வ முஸ்லிம் வணிகர் பற்றிய செய்தியும் உண்டு. நம் முன்னோரின் கடல் வாணிகத்துக்குச் சான்று தேடுவோர் புரட்ட வேண்டிய ஏடு அது. 1869இல் காஸ்பர் கொரையாவின் வரலாற்றிலிருந்து வாஸ்கோ ட காமாவின் மூன்று பயணங்களை மொழிபெயர்த்தார். கோழிக்கோட்டுத் துறையில் பிடிபட்டவர்களின் கைகளையும் காதுகளையும் மூக்குகளையும் காமா அறுப்பித்த கொடுமை அதில் பதிவாகியுள்ளது. வழி கண்ட வீரன் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டவனின் மறுமுகத்தை ஆங்கில வாசகர் காணச் செய்தது இவருடைய எழுதுகோல். பிலிப்பைன் தீவுகளைப் பற்றிய மோர்காவின் நூலை 1868இல் ஆங்கிலமாக்கினார். அதே மோர்காவின் மூலத்தைத்தான் பின்னர் அந்நாட்டு விடுதலை வீரர் ஹோசே ரிசால் தம் குறிப்புகளுடன் 1890இல் பதிப்பித்து, தம் மக்களின் பழம்பெருமையை நிலைநாட்டினார்.

சபையிலும் அவர் வாளாவிருக்கவில்லை. மலாய் நாடுகளில் ஆங்கிலேயர் தலையிட்டதைக் குறித்து 1874இல் எழுந்து பேசினார். தம் பண்ணை எல்லைக்குள் மதுக்கடைகளை மூடச் செய்தார். ஆங்கிள்சீத் தீவில் சிதைந்து கிடந்த லான்பாட்ரிக் தேவாலயத்தை 1884இல் தம் செலவில் புதுப்பித்தார். அதன் உட்புறத்தை உருவங்களற்ற வடிவியல் ஓடுகள் அணிசெய்கின்றன. பிற சமயத்தாரின் வழிபாட்டு இல்லம் பழுதுபட்டால் அதனைச் செப்பனிடுவதும் முஸ்லிமின் பண்பே என்பதை ஒரு சொல்லும் சொல்லாமல் காட்டியவர் அவர். 1903 டிசம்பர் 11ஆம் நாள், புனித ரமலானில், மறைந்தார். துருக்கியத் தூதரக இமாம் முன்னிற்க முஸ்லிம் முறைப்படி தம் பண்ணை நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வீட்டையும் பார்த்தல் நன்று. தாய் ஹென்றியெட்டா, பெண்கள் பயிலக் கிர்ட்டன் கல்லூரி எழப் பாடுபட்டவர். ஒரு தம்பி கத்தோலிக்கப் பேராயத்தில் ஆயரானார். இன்னொரு தம்பி பள்ளிக் கல்வியின் வளர்ச்சிக்கு உழைத்தார். தங்கை ரோசலிண்ட் மதுவிலக்கு இயக்கத்தின் தலைவி. மற்றொரு தங்கை கேட், கடவுள் நம்பிக்கையே வேண்டா என்ற தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அன்னை. ஒரு வீட்டின் ஒரே குலப்பெயருக்குள் முஸ்லிமும் ஆயரும் நாத்திகரின் தாயும்! பெயர் கொள்கையைத் தீர்மானிக்கும் என்போர் இவ்வீட்டிற்கு என்ன விடை கூறுவர்? அண்ணன் மார்க்கத்துக்காக மதுவை எதிர்த்தார். தங்கை சீர்திருத்தத்துக்காக எதிர்த்தார். குடியினின்று மீண்ட ஏழையின் வீட்டில் இருவர் விளக்கும் ஒன்றாகவே எரிந்திருக்கும்.

"தாழ்வு மனப்பான்மையில் உழலும் நம் இளைஞர்க்கு இத்தகைய பெயர்கள் ஊக்கம் தருமே, அதனை ஏன் கெடுக்கிறீர்?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயம், விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். கோமகன் பட்டத்தால் ஊக்கம் பெறுகிறவன், நாளை வேறொரு கோமகன் மார்க்கத்தை இகழ்ந்தால் அதே அளவு சோர்ந்து போவான். பட்டத்தை அளவுகோலாக ஏற்றுக்கொண்ட பின் அதன் தீர்ப்பு நமக்குச் சாதகமாகவே இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. மாறாக, தெரியாத மொழிகளைக் கற்று, ஏடு தேடி, மறைக்கப்பட்ட கொடுமைகளை வெளிக்கொணர்ந்த ஒருவரின் உழைப்பைக் காட்டுங்கள். அந்த ஊக்கம் அவன் கையில் ஒரு நூலைக் கொடுக்கும், எழுதுகோலையும் கொடுக்கும்.

பிறப்பால் உயர்வில்லை என்பது நம் மார்க்கத்தின் அரிச்சுவடி. அடிமையாயிருந்த பிலால் (ரலி) அவர்களைக் கஅபாவின் மேல் ஏற்றி பாங்கொலிக்கச் செய்த மார்க்கம் இது. அதனைப் பின்பற்றுவோர் நிக்காஹ் பேசும்போது முதலில் கேட்பது என்ன? மரக்காயரா, இராவுத்தரா, லெப்பையா? எந்த வீடு, எந்த வமிசம்? மதரசாவுக்குக் கட்டடம் எழும்பினால் சலவைக்கல்லில் நன்கொடையாளரின் பெயர் பாட்டன் முப்பாட்டனோடு பொறிக்கப்படுகிறது. உள்ளே எத்தனை பிள்ளைகள் எழுத்தறிந்தார்கள் என்னும் கணக்கு எந்தக் கல்லிலும் இல்லை. மேட்டூருக்கு ஆளுநர் பெயரிட்ட வெள்ளைக்காரனை நாம் எள்ளி நகையாடலாம். ஆனால் அவனுடைய கல்தச்சனை நம் முற்றத்துக்கே அழைத்து வந்து உளி கொடுத்திருக்கிறோமே!

எனவே மேடையேறுவோர்க்கு நம் வேண்டுகோள் இதுதான்: ஸ்டான்லி பிரபுவைப் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். ஆனால் 'பிரபு' என்ற சொல்லை விட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள். அவர் மொழிபெயர்த்த நூல்களில் ஒன்றையேனும் படித்துவிட்டு வந்து பேசுங்கள். அந்நூல்களில் காயலைப் பற்றியும் மலபாரைப் பற்றியும் உள்ள பகுதிகளைத் தமிழில் தர நம் கல்லூரிகளில் ஒருவரேனும் முன்வரட்டும். அந்த ஒரு பணி, பட்டியலை நூறு முறை ஒப்பிப்பதினும் மேலான நன்றிக்கடனாகும். கல்வெளி ஒன்றின் பெயர் காலப்போக்கில் கோமகன் பெயராகும்; கடனாளியின் பெயராகும்; அணையின் பெயராகும். அதற்கு மானம் உண்டாக்குவதும் அவமானம் உண்டாக்குவதும் அதைத் தாங்கியவரின் செயலே. கஞ்சி ஊற்றிய கையை மறவாத வடசென்னை மக்களுக்கு இவ்வுண்மை விளங்கியிருந்தது. கற்றறிந்த நமக்கும் விளங்கட்டும்.